ஒரு கையெழுத்தின் விலை

ஆசிரியர்களும் பெற்றோர்களும் ஒருங்கே படிக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு இதனை எழுதுகிறேன். வங்கியைப் பற்றிப் பேச ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு என்ன தகுதி இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். தகுதி இருக்கிறது. நான் செய்த ஒரு பிழையே அந்தத் தகுதி.

2019-ஆம் ஆண்டு சனவரி மாதம், முதலாம் ஆண்டு மாணவர்கள் பள்ளிக்கு வந்த முதல் நாள். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு வங்கி மேசை போட்டிருந்தது. பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கத்தை ஊட்டுவது நல்ல செயல்தான். கணக்குத் திறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டியல் ஒன்றும் வண்ணப் பென்சில் பெட்டி ஒன்றும் இலவசம். பாரங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெற்றோருக்கும், எம்மொழியும் படிக்கத் தெரியாத பாட்டிமார்க்கும் உதவுமாறு தலைமையாசிரியர் என்னைப் பணித்திருந்தார்.

அன்று என்னிடம் வந்தவர்களுள் ஒரு பாட்டியும் உண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். பின்னர் ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணி. தாயற்ற பேத்தியை அவர்தாம் வளர்த்தார். பேத்திக்குக் கணக்குத் திறக்க வேண்டுமானால் பாதுகாவலர் பெயரிலும் ஒரு கணக்கு வேண்டும் என்றார் வங்கிப் பணியாளர். இரண்டு கணக்கு, இரண்டு பாரம், ஒவ்வொன்றும் நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு பத்தி. அதன் அருகே ஒரு சிறு கட்டம்.

"இதுல என்ன போட்டிருக்கு டீச்சர்?" என்று கேட்டார் பாட்டி.

நான் படிக்கவில்லை. வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தனர். "ஒன்னும் இல்ல பாட்டி, வழக்கமா போடுறதுதான். இங்க ஒரு கையெழுத்து வைங்க," என்று விரலால் காட்டினேன். கட்டத்தில் சரிக்குறியை நானே இட்டேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாட்டி பள்ளிக்கு வந்தார். கையில் வங்கிப் புத்தகம். சம்பளப் பணம் குறைகிறது, மாதந்தோறும் 38 வெள்ளி எங்கோ போகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். ஏழு மாதக் கணக்கில் 266 வெள்ளி. விசாரித்தபோது தெரிந்த செய்தி இது. கணக்குத் திறந்த சில நாள்களிலேயே ஒரு பெண் கைப்பேசியில் அழைத்திருக்கிறார். பாட்டியின் முழுப்பெயர் தெரிந்திருக்கிறது; எந்த வங்கியில் கணக்கு என்பதும், பேத்திக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதும் தெரிந்திருக்கிறது. மலாயில் வேகமாகப் பேசியிருக்கிறார். வங்கியிலிருந்துதான் பேசுகிறார்கள் என்று எண்ணிய பாட்டி மரியாதைக்கு "யா, யா" என்று சொல்லியிருக்கிறார். அந்த "யா"தான் விபத்துக் காப்புறுதிக்கான ஒப்புதல் ஆயிற்று! குரல் பதிவு இருக்கிறதாம்.

காப்புறுதி நிறுவனத்திற்குப் பாட்டியின் எண்ணையும் கணக்கு விவரத்தையும் கொடுத்தவர் யார்? வங்கி. கொடுப்பதற்கு அனுமதி தந்தவர் யார்? பாட்டி. அனுமதிக் கட்டத்தில் சரிக்குறி இட்டவர் யார்? நான்.

மூன்று கடிதம் எழுதினோம். காப்புறுதியை நீக்கினார்கள். கடைசி இரண்டு மாதத் தொகையான 76 வெள்ளியைத் திருப்பித் தந்தார்கள். மீதி 190 வெள்ளி போனது போனதுதான். அதனை நான் கொடுக்க முன்வந்தபோது பாட்டி வாங்க மறுத்துவிட்டார். "நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க, நான்தான படிக்கத் தெரியாதவ," என்றார். அந்தச் சொல் இன்றுவரை என்னை உறுத்துகிறது. படிக்கத் தெரிந்தவள் நான். நானும் படிக்கவில்லையே!

எல்லாப் பகிர்வும் குற்றமா?

சினத்தில் நியாயம் தவறக்கூடாது. வங்கி தன் வாடிக்கையாளரின் தகவலைப் பிறரோடு பகிர்வது முழுவதும் தீது என்று நான் வாதிடவில்லை. பகிர்வுக்குப் பல வழிகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

முதல் வழி, பேங்க் நெகாரா நடத்தும் சிசிரிஸ் எனப்படும் கடன் தகவல் தொகுப்பு. 2001-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நாம் வீட்டுக்கடன், வாகனக்கடன், கடன்பற்று அட்டை எதை வைத்திருந்தாலும் அதன் நிலுவையும், கடந்த 12 மாதங்களில் தவணையை ஒழுங்காகச் செலுத்தினோமா என்பதும் அதில் பதிவாகும். புதிதாகக் கடன் கேட்கும்போது வங்கி அதனைப் பார்க்கும். அளவுக்கு மீறிக் கடன் கொடுத்து ஒருவரை மூழ்கடிக்காமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு தேவைதான். அத்தொகுப்பு யாரையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. நம் அறிக்கையை நாமே கட்டணமின்றிப் பெற்றுப் பார்க்கவும் முடியும்.

இரண்டாம் வழி, சிடோஸ் போன்ற தனியார் கடன் தகவல் நிறுவனங்கள். கடன் தகவல் நிறுவனச் சட்டம் 2010 அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. அவை நம் கடன் நடத்தையை 300 முதல் 850 வரையிலான ஒரு புள்ளியாக மாற்றித் தருகின்றன. இதில் எனக்குக் குறை உண்டு; ஆயினும் இங்கும் விதி இருக்கிறது, திருத்தம் கேட்கும் உரிமை இருக்கிறது.

மூன்றாம் வழி, வங்கி தன் வேலையை வெளியாரிடம் ஒப்படைப்பது. அட்டை அச்சடிப்பவர், அறிக்கை அஞ்சல் செய்பவர், கடன் வசூலிப்பவர் ஆகியோருக்கு நம் பெயரும் முகவரியும் போகின்றன. வேலைக்கு வேண்டிய அளவோடு நின்றால் அதனையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு, நீதிமன்றமும் காவல்துறையும் சட்டப்படி கேட்டால் வங்கி கொடுத்தே ஆக வேண்டும். மோசடிக் கும்பல் சுருட்டிய பணத்தைத் துரத்திப் பிடிக்க வங்கிகள் தமக்குள் விரைந்து தகவல் பரிமாற வேண்டியுள்ளது. 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 997 என்னும் அவசர எண் அதற்காகவே இருக்கிறது. இதனை எதிர்ப்பவர் அறிவிலியாகத்தான் இருக்க வேண்டும்.

நான் எதிர்ப்பது நான்காம் வழியை. "எங்கள் குழும நிறுவனங்கள்", "எங்கள் வணிகப் பங்காளிகள்", "எங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் தரப்பினர்" என்னும் பெயர்களில், பொருள் விற்பதற்காக மட்டுமே நம் தகவலைக் கைமாற்றுகிறார்களே, அதை! இதனால் கடன் பாதுகாப்பு கூடுவதில்லை, மோசடி குறைவதில்லை, நம் கணக்கு நடப்பதற்கும் இது தேவையில்லை. இதனால் இலாபம் அடைபவர் விற்பவர் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

வங்கி இரகசியம் என்பது வெறும் நாகரிகம் அன்று, சட்டம். நிதிச் சேவைச் சட்டம் 2013, பிரிவு 133, வாடிக்கையாளரின் கணக்கு பற்றிய தகவலை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறுபவருக்கு ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 1 கோடி வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்கவே அச்சமாக இருக்கிறதல்லவா? ஆனால் இந்த இரும்புக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு வாயிலும் உண்டு. வாடிக்கையாளரே எழுத்து மூலம் அனுமதி தந்துவிட்டால் தடை இல்லை! அந்த எழுத்து மூல அனுமதிதான் நான்காம் பக்கத்தின் அடியில் இருந்த எறும்பெழுத்துப் பத்தி. ஐந்தாண்டுச் சிறையைக் காட்டி அச்சுறுத்தும் சட்டத்தை ஒரு சரிக்குறி திறந்துவிடுகிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறதே என்பீர்கள். அது 2013-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. நம் தகவலை எதற்காகத் திரட்டுகிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. நல்லது. எந்த மொழியில் அறிவிக்க வேண்டும்? சட்டத்தின் 7-ஆம் பிரிவிலேயே விடை இருக்கிறது: தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும். அவ்வளவே. ஆகவே தமிழில் ஒரு வரி கூட எழுதாத வங்கி சட்டப்படி தன் கடமையை முழுமையாக நிறைவேற்றிவிட்டது. பாட்டிக்கு அறிவிக்கப்பட்டுவிட்டதாம். பாட்டி அறிந்தாரா என்பது சட்டத்தின் கேள்வி அன்று.

தேசிய மொழியை நான் குறை கூறவில்லை. அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் நம் கடமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். தீபாவளி வந்தால் நாளிதழில் அரைப்பக்கம் தமிழில் வாழ்த்துக் கூற வங்கிகளுக்குத் தெரிகிறது. தமிழ்ப்பள்ளி வாசலில் மேசை போட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை வாடிக்கையாளர் ஆக்கத் தெரிகிறது. "உங்கள் தகவலை இன்னாருக்குத் தரப்போகிறோம், சம்மதமா?" என்று தமிழில் இரண்டு வரி எழுத மட்டும் தெரியவில்லையா? சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. சட்டம் தடுக்கவும் இல்லையே!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அச்சட்டம் உடல்நலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து முதலியவற்றைக் கூர்ந்து காக்க வேண்டிய தகவல்கள் என்று தனியே பட்டியலிடுகிறது. நம் சம்பளம், நம் கடன், நம் சேமிப்பு ஆகியவை அப்பட்டியலில் இல்லை. ஒரு குடும்பத்தின் வறுமை அதன் சமயத்தை விடக் குறைந்த அந்தரங்கமா? பள்ளி உதவித்தொகைப் பாரத்தில் வருமானத்தை எழுதும்போது ஒரு தாய் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவதைக் கண்ட ஆசிரியர்களுக்கு இதன் விடை தெரியும்.

எதிர்வாதங்கள்

இதனைப் பேசும்போதெல்லாம் மூன்று மறுமொழிகள் வருகின்றன.

"ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்பது முதலாவது. ஒளிப்பதற்கும் காப்பதற்கும் வேறுபாடு உண்டு. வீட்டுக் கதவைச் சாத்துகிறவன் எல்லாம் உள்ளே குற்றம் புரிகிறானா? 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்நாட்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளிச்சத்திற்கு வந்தது. மக்கள்தொகையைக் காட்டிலும் கூடுதலான எண்கள்! அது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தரவு, வங்கியினுடையது அன்று. ஆனால் பாடம் ஒன்றுதான். தகவல் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை இடங்களில் அது கசியக்கூடும். மக்காவ் மோசடிக் கும்பல் அழைத்து உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொன்னால் நம்பிவிடுகிறோம். நம்ப வைக்கும் ஆயுதமே நம் தகவல்தான்.

"ஏழைகளின் தகவலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்?" என்பது இரண்டாவது. பாட்டியின் 266 வெள்ளியே இதற்கு விடை. பணக்காரனிடம் வழக்கறிஞர் உண்டு; கணக்காளர் உண்டு. ஏழையிடம் "யா, யா" என்னும் மரியாதை மட்டுமே உண்டு. பிடிக்க எளியவர் யார் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

"கையெழுத்துப் போட்டவர் படித்திருக்க வேண்டும்" என்பது மூன்றாவது. இதில்தான் வங்கியின் முழுக் காப்பும் இருக்கிறது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், படித்துப் பட்டம் பெற்ற நம்மில் எத்தனை ஆசிரியர்கள் வங்கிப் பாரத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்திருக்கிறோம்? எவராலும் படிக்கப்படாது என்று தெரிந்தே எழுதப்படும் ஒரு பத்திக்கு "ஒப்புதல்" என்று பெயர் சூட்டலாமா? சம்மதம் பற்றிய வாசகம் பிற விவரங்களோடு கலந்து கிடக்காமல், கண்ணுக்கு வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையே கூறுகிறது. வேறுபடுத்தி எழுதியும் அதே எறும்பெழுத்தில் எழுதினால் அது சட்டத்தின் சொல்லைக் காத்து, அதன் பொருளைக் கொல்வது ஆகாதா?

அண்டை நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2014-ஆம் ஆண்டு சனவரி முதல் ஒரு பதிவேடு உள்ளது. அதில் ஒருமுறை நம் எண்ணைப் பதிந்துவிட்டால் விற்பனை அழைப்புகளை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். பாரம் முழுதும் ஒரே இடத்தில் வாடிக்கையாளர் தலைமேல் ஏற்றப்படவில்லை. இங்கே சட்டம் தரும் வழி, நாமே ஒவ்வொரு நிறுவனத்திற்கும் எழுதுவது. எழுதத் தெரியாதவர் எங்கே போவார்?

திருத்தம் வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2024-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழி, அபராதத்தின் உச்சவரம்பு 3 இலட்சம் வெள்ளியிலிருந்து 10 இலட்சம் வெள்ளியாக உயர்ந்தது. 2025-ஆம் ஆண்டு சூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெருந்தீங்கு நேரும் என்றால் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை சட்டம் மீறப்படுவதையும் தகவல் கசிவதையும் பற்றிய விதிகள். நம் கையெழுத்தோடு முறையாகக் கைமாறும் தகவலுக்கு இவற்றால் எந்தத் தடையும் இல்லை. பாட்டியின் தகவல் களவு போகவில்லை, முறையாகவே சென்றது. அதுதான் இதில் கொடுமை.

நாம் மட்டும் யோக்கியமா?

வங்கியை நோக்கி ஒரு விரல் நீட்டும்போது மூன்று விரல் நம்மையே நோக்குகின்றன. ஆசிரியர்களே, வகுப்பின் வாட்சாப் குழுவில் மாணவர் பெயர், பெற்றோரின் அடையாள அட்டை எண், கைப்பேசி எண், குடும்ப வருமானம் எல்லாம் அடங்கிய பட்டியலைப் படம் எடுத்துப் போடுகிறோமா இல்லையா? "உங்கள் விவரம் சரியா என்று பாருங்கள்" என்று நாற்பது பெற்றோரின் விவரத்தை நாற்பது பேருக்கும் காட்டுகிறோம். உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். டியூஷன் நிலையத்தாரும் பயிற்சிப் புத்தகம் விற்பவரும் கேட்டால் பெற்றோர் எண்களை நட்புக்காகக் கொடுக்கிறோம். பிறகு வங்கியைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? முதலில் நம் வீட்டைத் துப்புரவு செய்வோம்.

செய்ய வேண்டியவை

பெற்றோர்களுக்கு:

1. எந்தப் பாரத்திலும் கையெழுத்திடும் முன், "என் தகவலை விற்பனைக்காக மற்றவருக்குக் கொடுப்பது பற்றிய பகுதி எது?" என்று கேளுங்கள். விரலால் காட்டச் சொல்லுங்கள். அதனை மறுக்கும் கட்டம் இருந்தால் மறுத்துக் குறியிடுங்கள். "கட்டாயம்" என்று சொன்னால் அதனை எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. முன்பே கையெழுத்திட்டுவிட்டீர்களா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, கொடுத்த சம்மதத்தை மீட்டுக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. 43-ஆம் பிரிவு, நேரடி விற்பனைக்கு உங்கள் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்தக் கோரும் உரிமையைத் தருகிறது. எழுத்து மூலம் கோர வேண்டும். நான்கு வரிக் கடிதம் போதும். நகல் ஒன்றில் வங்கியின் முத்திரையைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

3. தொலைபேசியில் எவர் எதை விற்றாலும் "ஆம்" என்றோ "யா" என்றோ சொல்லாதீர்கள். "வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டியுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

4. மாதம் ஒருமுறை கணக்கைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பிடித்தம் ஐந்து வெள்ளியாக இருந்தாலும் கேளுங்கள்.

பள்ளிகளுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும்:

1. வங்கி பள்ளிக்கு வரட்டும், சேமிப்பைக் கற்பிக்கட்டும். ஆனால் பாரத்தைப் பெற்றோர் வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து மறுநாள் தரும் முறையை வற்புறுத்துங்கள். பதிவு நாளின் நெரிசலில் கையெழுத்து வாங்க இடம் கொடுக்காதீர்கள்.

2. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. அந்தச் சம்மதத்தை ஆசிரியர் எவரும் பெற்றோருக்குப் பதிலாகக் குறியிடக்கூடாது. நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

3. விற்பனைப் பகிர்வு பற்றிய பகுதியின் தமிழ் விளக்கம் இல்லாமல் எந்த வங்கிக்கும் பள்ளி வளாகத்தில் மேசை போட அனுமதி இல்லை என்று தீர்மானம் இயற்றுங்கள். அவர்களுக்கு நம் பிள்ளைகள் வேண்டும். ஆகவே எழுதித் தருவார்கள்.

இறுதியாக ஒரு செய்தி. அந்தப் பேத்தி இப்பொழுது இடைநிலைப்பள்ளி மாணவி. அண்மையில் பாட்டியையும் அவளையும் ஒரு கடையில் கண்டேன். பாட்டிக்குப் புதிய கைப்பேசித் திட்டம் ஒன்றை விற்க முயன்றுகொண்டிருந்தார் ஓர் இளைஞர். பாரத்தைப் பாட்டி கையால் தொடவில்லை. "மொதல்ல என் பேத்தி படிக்கட்டும் தம்பி," என்றார். அவள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினாள். இளைஞர் பொறுமை இழந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படவில்லை.

மலாயும் ஆங்கிலமும் தமிழும் நாம் கற்பிப்பது தேர்வில் "ஏ" வாங்குவதற்கு மட்டுமா? ஒரு பாரத்தைக் கடைசி வரி வரை படித்து, "இதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்று சொல்லத் தெரியாத கல்வியால் யாருக்கு என்ன பயன்?

சிந்திப்போம். இனி எவர் கையையும் பிடித்து, படிக்காத தாளில் கையெழுத்து வாங்காதிருப்போம்.